பின்னால் ஒரு ‘உம்’

இந்தத் தடவை அவர் சொல்லி முடிப்பதற்கு முன்பே ‘உம்’ வந்துவிட்டது.

பள்ளிப் பேருந்து ஓட்டுபவர் அவர். சாலையை விட்டுக் கண்ணை எடுக்காமல், பின்னால் திரும்பாமல், வாய் ஓயாமல் பேசியே பழகிய மனிதர். வீட்டிலும் அதே பாடுதான். மனைவி துணி மடித்துக்கொண்டே உம் கொட்டுவாள். கொட்டாவிட்டால் அவருக்குத் தூக்கம் பிடிக்காது. புது வீட்டுக்குப் பின்னால், மழை அரித்து அரித்து மேடும் பிளவுமாகக் கிடந்த பொட்டலில் ஒரு ஒற்றையடிப் பாதை போயிற்று. அந்தப் பக்கம் யாரும் அதிகம் போவதில்லை என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்லிவைக்க, அதுவே அவருக்கு ஆசையைக் கிளப்பிவிட்டது. வெயில் தாழ்ந்ததும் இருவரும் கிளம்பினார்கள். பிளவுக்குள் அவர் முன்னால், அவள் பின்னால்.

உள்ளே போகப் போகச் சுவர்கள் நெருங்கிவந்தன. தோள் உரசிய இடமெல்லாம் மண் பொடிப்பொடியாக உதிர்ந்தது, மாதக்கணக்காக மழை காணாத அந்த மண்ணிலிருந்து மூடிவைத்த ஈரத்துணியின் வாடை வந்துகொண்டே இருந்தது, பின்னால் கேட்ட காலடியிலோ செருப்புச் சத்தம் இல்லை. கையில் எடுத்துக்கொண்டாள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, புது வீட்டுக் குழாயில் தண்ணீர் ஒழுகும் கதையைத் தொடர்ந்தார்.

“கால் வலிக்குதா?”

“உம்.”

“திரும்பிடலாமா?”

“உம்.”

குரல் அவருடைய முழங்கால் உயரத்திலிருந்து வந்தது.

அப்போதுதான் எதிரே, தலைக்கு மேலே மேட்டின் விளிம்பில், ஒரு காலில் மட்டும் செருப்போடு மனைவி நிற்பதைப் பார்த்தார்.

“என்னங்க, எங்க இருக்கீங்க? செருப்பு வார் அறுந்துபோச்சுன்னு கூப்பிட்டேனே, நீங்க பாட்டுக்குப் போயிட்டீங்க. தேடிக்கிட்டு மேல ஏறி வந்துட்டேன்.”

பின்னால் திரும்ப முயன்றார். இடமில்லை. சுவர்கள் இரண்டு தோளையும் கவ்விக்கொண்டிருந்தன. வராதே, ஓடிவிடு என்று கத்தினார். கத்தியது பிளவுக்குள் முட்டி மோதிக் குழம்பியது.

“சத்தம் கேக்குது, என்ன சொல்றீங்கன்னுதான் புரியல. பேசிக்கிட்டே இருங்க. அத வச்சே வந்துடுறேன்.”

பேசினால் அவள் வருவாள். பேசக் கூடாது. வாழ்க்கையில் முதல்முறையாக அவர் வாயை மூடிக்கொண்டார். அவள் பிழைத்தால் போதும். வேறு எதுவும் வேண்டாம்.

பிடரியில் ஈர மூச்சு.

பிறகு பின்னாலிருந்து அவருடைய குரலே பேசியது. தெளிவாக. கொஞ்சலாக.

“இறங்கி வாம்மா. வழி நல்லாத்தான் இருக்கு.”

வராதே. உயிரையெல்லாம் திரட்டி வாயைத் திறந்தார்.

“உம்,” என்றது அவர் வாய்.

மேலே அவள் சிரித்தாள். அப்பாடா என்ற சிரிப்பு. மண்ணைப் பிடித்துக்கொண்டு மெல்லச் சரிவில் உட்கார்ந்தாள். பின்னால் அவர் குரலில் குழாய்க் கதை விட்ட இடத்திலிருந்து தொடங்கியது.

“உம்.”

அவளுடைய வெறுங்கால் கீழே இறங்கி, மிதிக்க இடம் தேடித் துழாவியது.

“உம்.”

அவர் தோளுக்கு மேலாக ஒரு கை நீண்டது. அவருடைய கையைப் போலவே, மோதிரம் உட்பட, மண் நிறத்தில். நீண்டுகொண்டே போய், அந்தப் பாதத்தைப் பதமாக ஏந்திக்கொண்டது.