முனை மடித்த கம்பி

மரத்தூள் அடுப்பிலிருந்து சாம்பலைத் தட்டிக்கொண்டிருந்த பாப்பாயி, "ஏனுங்க, தூளுக்குள்ள கம்பி கெடந்திருக்குதுங்க" என்று எதையோ தூக்கிக் காட்டினாள். பல் தேய்த்துக்கொண்டிருந்த அவள் புருஷன் மணியன் வேப்பங்குச்சியை வாயிலிருந்து எடுக்காமலே திரும்பிப் பார்த்தான். கட்டுக்கம்பி. நெருப்பில் வெந்து கறுத்து, வளையமாக முறுக்கியபடியே இருந்தது. முறுக்கின இரண்டு முனையும் வெளியே துருத்தாமல் உள்பக்கமாக மடித்து விட்டிருந்தது.

மரமில்லிலிருந்து அள்ளி வருகிற தூளில் ஆணியும் கம்பியும் கிடப்பது ஒன்றும் அதிசயமில்லை. ஆனால் கம்பியைக் கட்டினால் முனையை உள்ளே மடித்து விடுகிறவன் அந்த மில்லில் மணியன் ஒருத்தன்தான். வேட்டியில் மாட்டும், கையைக் கிழிக்கும் என்று தொழில் பழகின நாளிலிருந்து வந்த பழக்கம். சரி, அதுகூடப் போகட்டும். இந்தக் கம்பியை அவன் கட்டிங் பிளேயரால் வெட்டியிருந்தான். வெட்டினது ஞாபகம் இருக்கிறது. வெட்டின துண்டுகளைத் தூள் மேட்டுக்குள் முழங்கை வரைக்கும் கைவிட்டுப் புதைத்ததும் ஞாபகம் இருக்கிறது. பாப்பாயி கையிலிருந்த வளையத்தில் வெட்டே இல்லை.

"கழுதை, அதைக் குடு இங்க" என்று வாங்கி இடுப்பு வேட்டியில் செருகிக்கொண்டான். அடுப்பு அணைந்து நேரமாகியிருந்தும் அது சூடாகத்தான் இருந்தது. அன்றைக்குக் குடித்த காப்பியில் இரும்பு வாடை அடித்தது.

நாமக்கல்லிலிருந்து திருச்செங்கோடு போகிற ரோட்டில், லாரிக்குப் பாடி கட்டுகிற பட்டறைகளுக்குப் பலகை அறுத்துக் கொடுக்கிற சின்ன மில் அது. எமர்ஜென்சி முடிந்த மறுவருஷம். பெரிய ரம்பத்தில் அறுத்து விழுகிற பலகைக்கு இரண்டு ஓரத்திலும் பட்டை ஒட்டிக்கொண்டிருக்கும். அதை ஓரம் வெட்டுகிற மிஷினுக்குள் விட்டால், உள்ளே சுற்றுகிற இரண்டு வட்ட ரம்பமும் இரண்டு பக்கத்தையும் ஒரே ஓட்டத்தில் சீவி நேராக்கி அந்தப் பக்கம் தள்ளிவிடும். பலகை விடுகிற ஆள் கைலாசம். மிஷினுக்கு எண்ணெய் விடுவது, ரம்பப் பல்லுக்கு அரம் போடுவது, பெல்ட் மாற்றுவது எல்லாம் மணியன்.

பலகை நுழைகிற வாயில் வரிசையாக இரும்பு நகங்கள் தொங்கும். பலகை உள்ளே போகும்போது அதன் முதுகில் டக் டக்கென்று தட்டிக்கொண்டே வழிவிடும். ரம்பம் பலகையைக் கவ்வித் திருப்பி எறிந்தால் நகத்தின் முனை மரத்தில் பாய்ந்து பிடித்துக்கொள்ளும். பலகை விடுகிறவன் வயிற்றுக்கு இருக்கிற காவல் அது ஒன்றுதான். சித்திரை மாசத்தில் ஒரு நாள் வந்திருந்தது பச்சை வேம்பு. ஈரப் பட்டையில் நகம் சிக்கிச் சிக்கிப் பலகை நின்றது. பட்டறைக்காரர்கள் ஆள்மேல் ஆள் அனுப்பிக்கொண்டிருந்தார்கள், முதலாளி வாசலில் நின்று காதில் கேட்க முடியாததை எல்லாம் பேசிக்கொண்டிருந்தார். மணியன் மிஷினை நிறுத்தி, நகங்களை எல்லாம் மேலே தூக்கிச் சட்டத்தோடு சேர்த்துக் கம்பியால் கட்டினான். மத்தியானம் கரண்டு போகிற நேரத்தில் முனைக்கு அரம் போட்டு இறக்கிவிட்டுக்கொள்ளலாம் என்று எண்ணம். டீ குடிக்கப் போயிருந்த கைலாசத்திடம் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தான். நினைத்ததோடு சரி.

கைலாசம் வந்து அடுத்த பலகையை விட்டான். பலகை திரும்பி வந்தது. கைலாசம் கத்தக்கூட இல்லை, வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஏதோ களைப்பில் உட்காருகிறவனைப் போல உட்கார்ந்தான். எல்லாரும் ஓடிவந்து அவனைத் தூக்கி வெளியே நின்ற லாரியில் ஏற்றினார்கள். மணியன் மட்டும் மிஷினிடம் போனான். பிளேயரை எடுத்துக் கம்பியை வெட்டினான். நகங்கள் மொத்தமாக விழுந்தன. டக். லாரியில் கிடந்த கைலாசம் அந்தச் சத்தத்துக்குத் தலையைத் திருப்பிப் பார்த்தான். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே போய்ச் சேர்ந்துவிட்டான்.

விசாரிக்க வந்தவர்கள் பார்த்தபோது நகங்கள் ஒழுங்காகத் தொங்கின. அப்புறம் எப்படி என்று கேட்டார்கள். அவனே கையால தூக்கிப்போட்டுப் பலகையை இழுத்தானுங்க என்று மணியன் சொன்னான். அந்தப் பேச்சுக்கு மற்றவர்கள் கைகால் வைத்தார்கள். வெற்றிலைகூடப் போடாத மனுஷனை, குடித்துவிட்டு வேலைக்கு வந்தவன் என்று ஊரே பேசிற்று. தரையில் கிடந்த ரத்தத்தின்மேல் தூளைக் கொட்டிக் கூட்டி மேட்டோரம் தள்ளினார்கள். கம்பியைப் புதைத்ததும் அங்கேதான். அந்தப் பக்கத்திலிருந்து மட்டும் மணியன் வீட்டுக்குத் தூள் அள்ளுவதில்லை. இந்த மூட்டையும் எதிர்ப்பக்கம் அள்ளினதுதான்.

ஆடி அமாவாசைக்கு மில் லீவு. மணியன் மோகனூருக்கு பஸ் ஏறினான். காவிரியில் புதுத்தண்ணீர் செம்மண் நிறத்தில் கரையை முட்டிக்கொண்டு போயிற்று. படித்துறை முழுக்க, செத்தவர்களுக்கு எள்ளும் தண்ணீரும் விடுகிற கூட்டம். ஈர வேட்டியும் வாழைப்பழமும் சூடமும் கலந்த வாடை. கூட்டத்துக்கு நடுவில் கழுத்தளவு தண்ணீரில் நின்று இடுப்பிலிருந்த கம்பியை உருவி விட்டான். அது மிதந்த மாதிரி இருந்தது. கொஞ்ச தூரம் எதிர்த்தண்ணீரில் போன மாதிரியும் இருந்தது. வெயிலில் கண் கூசினதுதான் என்று சொல்லிக்கொண்டான். கரை ஏறுவதற்குமுன் அவன் கைலாசத்துக்கும் ஒரு கை தண்ணீர் விட்டிருக்கலாம், விடவில்லை.

மறுநாள் காலையில் மிஷினுக்கு எண்ணெய் விடப் போனபோது ஓரத்து நகம் ஒன்று தூக்கிக்கொண்டு நின்றது. பிசின் ஒட்டியிருக்கும் என்று மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து இறக்கிவிட்டான். ரம்பத்துக்கு அரம் போட்டுவிட்டுத் திரும்பினால் மறுபடியும் நின்றது. கம்பி இல்லை, கயிறு இல்லை, அதைப் பிடித்துக்கொண்டிருக்கிற எதுவும் இல்லை. கையால் அழுத்தினான். கீழே இருந்து யாரோ ஒருத்தர் உள்ளங்கையால் ஏந்துகிற மாதிரி அது மெதுவாக எதிர்த்தது. அப்புறம் விட்டது. டக்.

அதற்குப் பிறகு நாளுக்கு ஒன்றாகக் கூடியது. பலகை விடுகிற புது ஆள் வருவதற்குள் எல்லா நகத்தையும் இறக்கி வைப்பதற்காக மணியன் கோழி கூப்பிடும்போதே கிளம்பினான். வீட்டில் சட்டிமேல் மூடி வைக்கிற சத்தத்துக்கும் தூக்கிப்போட்டது. சோறு, ரசம், மோர், எதை வாயில் வைத்தாலும் இரும்பு. நாக்குக்கு அடியில் எதுவோ இறுகிக்கொண்டே வந்தது. கண்ணாடியில் நாக்கைத் தூக்கிப் பார்த்தான், சிவந்த கோடு ஒன்று தெரிந்தது, அவ்வளவுதான். "என்னுங்க, பேச்சு கொழறுது? பல்லு வலிங்களா?" என்று பாப்பாயி கேட்டாள். ஒன்றுமில்லை என்று சொன்னான். அந்த ஒன்றுமில்லைகூட முழுசாக வரவில்லை.

அதோடு சௌந்திரம் வேறு. கைலாசத்தின் பெண்டாட்டி. புருஷன் போன பிறகு அதே மில்லில் பக்கப்பலகை அடுக்க வந்துவிட்டாள். குடிகாரனுக்குப் படையல் ஒரு கேடா என்று கைலாசத்தின் அண்ணன்மார் அமாவாசைக்கு ஒரு இலைகூடப் போடவில்லை என்று மில்லில் பேசிக்கொண்டார்கள். அவள் யாரிடமும் வாய் திறக்கவில்லை. மணியனைக் கடந்து போகும்போது மட்டும் நடை ஒரு நொடி தயங்கும். அவன் அந்தத் தயக்கத்துக்குப் பயந்தான். மிஷினுக்குப் பயந்ததைவிட அதற்குத்தான் அதிகமாகப் பயந்தான். பாவி, ஒரு பொம்பளையின் கண்ணைப் பார்க்க முடியாமல் இப்படி ஒளிந்து திரிகிறோமே என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டான்.

அன்றைக்கு உச்சி வெயிலில் வழக்கம்போலக் கரண்டு போனது. பாதிப் பலகை மிஷினுக்குள்ளும் பாதி வெளியிலுமாக நின்றுவிட்டது. வேம்புப் பலகை. பெல்ட் கடைசியாக ஒரு சுற்றுச் சுற்றி ஓய்ந்தது. மற்றவர்கள் சாப்பாட்டுத் தூக்கோடு ரோட்டோரப் புங்கமரத்து நிழலுக்குப் போனார்கள். மணியன் மெயின் சுவிட்சின் கைப்பிடியைக் கீழே இழுத்து அணைத்துவிட்டு, பலகை வெளியேறுகிற பக்கம் வந்து நின்று, பிசினைத் துடைக்க மண்ணெண்ணெய்த் துணியை எடுத்தான். தகரக் கூரை வெயிலில் விரிந்து சடசடத்தது, ஓட்டை வழியாக விழுந்த வெளிச்சக் குழாயில் தூள் மிதந்தது, கசப்பு வாடை தொண்டைக்குள் இறங்கியது, ரோட்டில் ஒரு லாரிகூடப் போகவில்லை.

"ஏனுங்ணா."

நிமிர்ந்தான். மிஷினுக்கு எதிர்ப்பக்கம், பலகை விடுகிற இடத்தில், சௌந்திரம் நின்றிருந்தாள். தலைச் சும்மாடு கையில். கைலாசம் நின்ற அதே இடம். பலகையின் நுனிக்கும் அவள் வயிற்றுக்கும் நடுவில் ஒரு சாண் இருந்தால் அதிகம்.

"ஒரு வார்த்த கேக்கோணுங்க. கோவிச்சுக்காதீங்க. அன்னைக்கு நகத்தத் தூக்குனது எங்கூட்டுக்காரருதானுங்களா? அல்லாரும் சொல்றாங்க. ஆனா பக்கத்துல இருந்தது நீங்க ஒருத்தருதான். நீங்க சொல்லிப்போட்டா நம்பிக்கறேன். அப்பறம் ஆருகிட்டயும் கேக்க மாட்டேன்."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் தேவலை. சொல்லிவிடு என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. நான்தான் கட்டினேன், நான்தான் வெட்டினேன். சொன்னால் வேலை போகும், ஊர் காறித் துப்பும். அவ்வளவுதானே. சொல்லிவிட்டால் இன்றைக்கு ராத்திரி தூங்கலாம். வாயைத் திறந்தான்.

"அவனேதான் தூக்குனான், அம்மிணி."

ஒரு குழறலும் இல்லை. இத்தனை நாளில் அவன் வாயிலிருந்து சுத்தமாக வந்த பேச்சு அது ஒன்றுதான்.

சௌந்திரம் அசையவில்லை. "என்ற மொகத்தப் பாத்துச் சொல்லுங்ணா" என்றாள்.

கிறீச்சென்று மெல்லிய சத்தம். ஓரத்து நகம் எழுந்தது. அதற்கடுத்தது எழுந்தது. அவள் பார்க்கவில்லை, அவள் கண் அவன் முகத்தில் இருந்தது. ஒன்றன்பின் ஒன்றாக எல்லாம் எழுந்து மேல் சட்டத்தோடு போய் ஒட்டிக்கொண்டன. அவற்றைச் சுற்றி எதுவும் இல்லை. அன்றைக்கு அவற்றைக் கட்டின கம்பி அங்கே இல்லை.

பெல்ட் நகர்ந்தது.

மணியன் சுவிட்சைப் பார்த்தான். கைப்பிடி கீழே கிடந்தது. கரண்டு இல்லை. ரம்பம் சுற்றியது. முதலில் சோம்பலாக. அப்புறம் பல் தெரியாமல். சத்தம் மட்டும் இல்லை. கசப்பு வாடை. சூடேறின பச்சை வேம்பு. பலகை நடுங்கத் தொடங்கியது. நுனி அவள் சேலைக் கொசுவத்தைத் தொட்டுத் தொட்டு விலகியது.

தள்ளிப் போ.

சொன்னதாகத்தான் நினைத்தான். சத்தம் வரவில்லை. நாக்கு கீழே வரவில்லை. மேல் அண்ணத்தோடு போய் ஒட்டிக்கொண்டு நின்றது. இழுத்தான். வலித்தது. வாய்க்குள் விரலை விட்டான். சூடான இரும்பு. வளையம். முறுக்கு. முனை எங்கே? முனையைக் கண்டால் அவிழ்த்துவிடலாம். விரலால் தடவினான். தடவினான். குத்துகிற முனையே இல்லை. இரண்டும் உள்பக்கமாக மடித்திருந்தது.

நான்தான். நான்தான் கட்டினேன். கைலாசம் இல்லை. நான்.

ஒன்றும் வெளியே வரவில்லை. வாய்க்குள் ரத்தம் ஊறியது. போ, போ என்று கையை வீசினான்.

சௌந்திரத்தின் முகம் மெல்ல மலர்ந்தது. இத்தனை நாளாகப் பயந்துகொண்டிருந்த மனுஷன் இப்போது உண்மையைச் சொல்லப் பக்கத்தில் கூப்பிடுகிறான் என்று நினைத்தாள். சும்மாட்டைத் தோளில் போட்டுக்கொண்டு, பலகையின் நுனி வயிற்றில் அழுந்துகிற மட்டும் முன்னால் வந்து, அவன் திறந்த வாய்க்கு நேராகக் காதைச் சாய்த்துக்கொடுத்தாள்.

"சொல்லுங்ணா" என்றாள். "நான் எங்கயும் போவல. இங்கயேதான் நிக்கறேன்."