வெள்ளத்தில் வந்த வாளை

ஓய்வு பெற்ற பிறகு ஹெப்சிபாவுக்குக் காகிதங்களைப் பார்த்தாலே அலுப்பு. காவல்துறையில் கள்ளக் கையெழுத்துகளைப் பிரித்துப் பார்த்தே வேலைக்காலம் முழுவதும் கழிந்திருந்தது. பாளையங்கோட்டையில் வந்து ஒதுங்கிய பிறகும் மனிதர்கள் காகிதத்தோடு வந்துகொண்டேதான் இருந்தார்கள். அன்று வந்தவர் உமர் பாரூக். முக்கூடலில் பீடி சுற்றும் பெண்களுக்காக வாசகர் வட்டம் நடத்துகிறவர்.

“நம்ம தோட்டத்து வாளப்பளம்மா, எடுத்துக்கிடுங்க” என்று ஒரு சீப்பை மேசையில் வைத்துவிட்டு, இரண்டு விடைத்தாள்களையும் ஒரு புத்தகத்தையும் எடுத்து நீட்டினார்.

விஷயம் இதுதான். வட்டத்துப் பெண்கள் ஒவ்வொரு வருஷமும் விருது வாங்கிய சிறுவர் நாவல் ஒன்றைப் படிப்பார்கள். பிறகு ஓரிடத்தில் உட்கார்ந்து கதையைச் சொந்த நடையில் எழுதுவார்கள். நன்றாக எழுதியவர் திருநெல்வேலி விழாவில் பேசலாம். இந்த வருஷம் சிறந்த இரண்டு விடைகளிலும் ஒரே தப்பு. நாவலில், வெள்ளத்தில் அடித்துப்போகும் பொழிலன் என்ற பையன் மிதந்து வந்த மரத்தைக் கட்டிப்பிடித்துக் கரையேறுகிறான். அந்த விடைகளை எழுதிய ஆவுடைத்தாயும் ஜனாபாவும் ஒரு வாளை மீன் அவனை முதுகில் சுமந்து வந்ததாக எழுதியிருந்தார்கள். இருவரும் அடுத்தடுத்த வீட்டுக்காரர்கள். எழுதியதும் ஒரே பெஞ்சில். பார்த்து எழுதினார்கள் என்று முடிவு கட்டி, இருவரையும் வட்டத்திலிருந்து நீக்கச் சொல்கிறது விடை திருத்திய குழு.

“கேட்டா தலையக் குனிஞ்சிக்கிட்டு நிக்குதாங்கம்மா. ஜனாபா மாப்பிள்ளை சவூதில இருக்காரு. மாமியா நஃபீஸத் இந்த வட்டத்துக்கு மட்டும்தான் வெளிய விடுதாங்க. திருட்டுப் பட்டம் வந்தா அந்தப் பிள்ளை அப்புறம் வாசப்படி தாண்டாது.”

ஹெப்சிபாவின் தங்கை மகன் மெர்வின் அதற்குள் தாள்களை எடுத்துவிட்டான். ஒரு வழக்கு வந்தால் போதும், அவனுக்குச் சோறு வேண்டாம்.

“ஒருத்தியப் பாத்து ஒருத்தி எழுதியிருக்கா, பெரியம்மா. யாரு முதல்லன்னு கண்டுபிடிச்சா முடிஞ்சிது.”

“பைய வாசிலே. பையன் பேரப் பாரு.”

பார்த்தான். புத்தகத்தில் பொழிலன். ஜனாபாவின் தாளில் பொளிலன். ஆவுடைத்தாயின் தாளில் பொலிலன்.

“கண்ணால பாத்து எழுதுனா எழுத்து அப்படியே வரும். தப்பும் அப்படியே வரும். இங்க சத்தம்தான் ஒண்ணுபோல இருக்கு, எழுத்து வேற வேற. இது காது வழியா வந்ததுலே.”

புத்தகத்தை இரவல் வாங்கியது ஜனாபா. அவள் படித்து மற்றவளுக்குச் சொல்லியிருப்பாள் என்றான் மெர்வின். படித்தவள் பெயரைத் தப்பாக எழுதுவாளா என்று கேட்டதும் அடங்கினான். ஆக, இருவருமே கேட்டவர்கள். படித்தது மூன்றாவது ஆள்.

ஹெப்சிபா புத்தகத்தை விரித்து மூக்கருகே கொண்டுபோனாள். புகையிலை வாடை இல்லை, பழுப்புக் கறையும் இல்லை. பீடி சுற்றுகிற கையில் இருந்த புத்தகம் அல்ல. பக்கங்கள் சேரும் இடுக்கில் மட்டும் வெள்ளையாக ஏதோ உதிர்ந்து கிடந்தது. முகப்பவுடர் என்றான் மெர்வின். விரலில் தேய்த்தால் நறநறத்தது, மணமும் இல்லை.

“முக்கூடலுக்குப் போவோம். காரைப் பாத்து ஓட்டு, முட்டி தாங்காது” என்றாள்.

இரண்டு வீடுகளுக்கும் பின்புறம் ஒரே சுவர். சுவருக்கு அப்பால் யாரோ பீடி இலை வெட்டும் கத்தரிச் சத்தம். இப்பால், ஆவுடைத்தாயின் கணவன் பலவேசம் கட்டிலில் கிடந்தான். லாரி ஓட்டுகிறவன், தெருவில் அவனை எதிர்த்துப் பேச ஆள் கிடையாது. விபத்தில் காலொடிந்து, தொடைவரை மாவுக்கட்டு. கட்டின் மேல்விளிம்பு, புத்தகம் சாய்த்து வைக்கத் தோதான இடத்தில், தேய்ந்து உதிர்ந்திருந்தது.

ஹெப்சிபா புத்தகத்தை அவனிடம் நீட்டினாள். “வெள்ளம் வருத இடத்த ஒருக்கா வாசிங்க, அண்ணாச்சி.”

பலவேசம் மனைவியை முறைத்தான். “நான் ஒண்ணும் சொல்லல” என்றாள் ஆவுடைத்தாய்.

“சின்னப்புள்ளைக புத்தகம்லா இது” என்று முனகினான். ஆனாலும் கை தானாக அந்தப் பக்கத்தைத் திறந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தான். குரல் கணீரென்று இருந்தது. சுவருக்கு அப்பால் கத்தரிச் சத்தம் நின்றது.

“மிதந்து வந்த வாளையை இறுகக் கட்டிக்கொண்டான் பொளிலன். வாளை அவனைக் கரை சேர்த்தது.”

மெர்வின் எட்டிப் பார்த்தான். அச்சில் இருந்தது ‘வாழை’.

“நம்ம ஊர் நாக்குல ழகரம் எங்க நிக்கி?” என்றாள் ஹெப்சிபா. “காலையில உமர் அண்ணாச்சி தந்த பளமும் இந்த வாளதான். இந்தக் கதையில காக்கா பேசுது, பாறை நடக்குது. வாளை மீனு பையனச் சுமக்காதா? சுவருக்கு ரெண்டு பக்கமும் இருந்து கேட்ட ரெண்டு பேருக்கும் ஒரே மீனுதான் தெரிஞ்சிருக்கு.”

பிறகு எல்லாம் வெளியே வந்தது. பீடி சுற்றும் கைக்குப் பக்கம் புரட்ட ஒழியாது. கட்டிலில் கிடப்பவனுக்கோ பொழுது போகாது. அதனால் புத்தகம் சுவர் ஏறி வந்திருக்கிறது. குழந்தைப் புத்தகம் படித்து அழுதது தெருவுக்குத் தெரியக்கூடாது என்று பலவேசம் மனைவியிடம் சத்தியம் வாங்கியிருந்தான். ஜனாபாவின் காரணத்தைச் சுவரே சொன்னது. “அடுத்த வீட்டு அண்ணன் வாசிக்கக் கேட்டேன்னு மாமிகிட்ட எப்படிச் சொல்ல?”

உமர் பாரூக் வேர்வையைத் துடைத்துக்கொண்டார். பார்த்து எழுதவில்லை என்பது உறுதி. ஆனால் படிக்காதவர்களை விழா மேடைக்கு அனுப்ப முடியாது என்றார்.

“மேடை கெடக்கட்டும். வட்டத்துல பேரு இருக்கா, அண்ணாச்சி?” என்றது சுவர்.

“இருக்கும்மா. மாமிகிட்ட நானே பேசுதேன்.”

அப்பாலிருந்து இன்னொரு குரல் வந்தது. வயதான, கடுப்பான குரல். “எங்கிட்ட என்னத்தப் பேசப் போறிய? நானும் இங்கனதானே இருந்து கேக்கேன். அப்போ அது மீனு இல்லியா, தம்பி?”

“மீனுதான் நல்லாருந்துச்சு, மாமி” என்றாள் ஆவுடைத்தாய்.

பலவேசம் பக்கத்தைப் புரட்டி விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தான். கிளம்பலாமா என்று மெர்வின் சாவியை ஆட்டினான். ஹெப்சிபா கையமர்த்திவிட்டு அங்கே கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள். கால் வலித்தது, கண்ணை மூடினாள். வாளை என்று அவன் மறுபடி சொன்னபோது, அச்சில் இருப்பது என்னவென்று தெரிந்தும், பழுப்பு வெள்ளத்தில் வெள்ளியாக ஒரு முதுகு புரண்டது.