பத்துக்கு இரண்டு

"அப்போ நான் பொய் சொல்றேனா?"

எழில்மதி போட்ட சத்தத்தில், காபி மெஷின் பக்கம் காத்திருந்தவர்கள் எல்லாம் நிமிர்ந்து பார்த்தார்கள். பார்க்கட்டுமே... இந்த சர்வீஸ் சென்டருக்கு அவள் மூன்றாவது தடவையாக வந்திருக்கிறாள். வெள்ளிமலையில் மாட்டாஸ்பத்திரி டாக்டர் அவள். கள்ளக்குறிச்சிக்கு இறங்கி ஏறினால் அன்றைய பொழுது போயே போச்சு.

கவுன்டரில் நின்றவன் அசரவில்லை. சட்டையில் குத்தியிருந்த அட்டை 'இளவரசன், சர்வீஸ் அட்வைசர்' என்றது. பேரைப் பார், இளவரசனாம்...

"பொய்யின்னு சொல்லலீங்க மேடம். ஓட்டிப் பாத்தோம், ஒண்ணும் தெரியல. கோளாறு தெரிஞ்சாத்தான் கம்பெனி வாரன்டில பார்ட் அனுப்பும்."

"அதே கம்பெனிதானே எனக்கு மெசேஜ் போட்டுச்சு? ஸ்டியரிங் மோட்டார்ல குறை இருக்கு, வண்டியக் கொண்டாங்க, இலவசமா மாத்தறோம்னு? கூப்பிடறதும் நீங்க, ஒண்ணுமில்லன்னு திருப்பி அனுப்பறதும் நீங்களா?"

"கூப்ட்டது சென்னைங்க. திருப்பி அனுப்பறதுதான் நாங்க."

சொல்லிவிட்டு அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"எங்க ஓட்டிப் பாத்தீங்க?"

"பைபாஸ்லங்க."

"பைபாஸ்ல ஸ்டியரிங்க எதுக்குத் திருப்பணும்? நேரா விட்டா சென்னையே வந்துடும்! மலை வளைவுல வந்து திருப்பிப் பாருங்க!"

அவன் ஒரு நிமிடம் அவளையே பார்த்தான். வெளியே மழை பிடித்துக்கொண்டிருந்தது. அந்தக் கண்களில் கிண்டல் இல்லை என்பதை அவள் அப்போதுதான் கவனித்தாள்...

"சரி, வாங்க போலாம்."

"எங்க?"

"மலைக்குத்தான். இன்னா அப்டிப் பாக்கறீங்க? நீங்கதானே கூப்ட்டீங்க?"

கச்சிராயபாளையம் தாண்டி வண்டி மலையை நோக்கிப் போனது. அவன் ஓட்டினான், அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். தன் காரில் இன்னொரு ஆள் இருப்பதே அவளுக்குப் புதிதாக இருந்தது. அப்பா போன பிறகு, திருநாவலூரில் அண்ணன் வீட்டில் அவள் ஒரு விருந்தாளி. வெள்ளிமலை குவார்ட்டர்சில் அதுகூட இல்லை. பெல்ட் போடாவிட்டால் 'டிங் டிங்' என்று கார் கத்துமே... சில நாட்களில் அவளிடம் அக்கறை காட்டிய ஒரே ஜீவன் அதுதான். கம்பெனியிலிருந்து போனில் ரெக்கார்டு பண்ணிய குரல் வரும்: 'உங்கள் பாதுகாப்பு எங்களுக்கு முக்கியம்...' எல்லோரும் பாதியில் வைத்துவிடுவார்கள். இவள் கடைசி வரை கேட்பாள்.

மலை ஏறியது. முதல் வளைவில் ஒன்றும் ஆகவில்லை. இரண்டாவதிலும் இல்லை. இன்றைக்குப் பார்த்து ஒழுங்காக ஓடி என் மானத்தை வாங்கப் போகிறதா இந்தச் சனியன் என்று நினைத்த அந்த நொடியில்...

ஸ்டியரிங் கல்லாக இறுகியது. மேலேயிருந்து பஸ் ஒன்று இறங்கிக்கொண்டிருந்தது. இளவரசன் சீட்டை விட்டு எழுந்தாற்போல் இரண்டு கையாலும் இழுத்துத் திருப்பி, மண் ஓரமாக வண்டியை நிறுத்தினான். பஸ் ஹாரனால் திட்டிவிட்டுப் போயிற்று.

செல்போனை எடுத்து, டேஷ்போர்டில் எரிந்த மஞ்சள் விளக்கைப் படம் பிடித்தான். பிறகு அவள் பக்கம் திரும்பினான்.

"இத்தோடயா தினம் ஏறி எறங்கிக்கினு இருந்தீங்க? அத்தினி வாட்டி சொன்னீங்க, நாங்க நம்பல. மன்னிச்சிடுங்க மேடம்."

எழில்மதிக்கு அழுகை வந்துவிட்டது. பயத்தினால் அல்ல. அவள் சொன்னதை ஒருவர் நம்பி எத்தனை காலமாயிற்று...

அவளை ஒரு ஜீப்பில் மேலே ஏற்றிவிட்டு, காரை மெதுவாக உருட்டிக்கொண்டு அவன் கீழே போனான். பார்ட் வரும் வரை வண்டி அங்கேயே இருக்கட்டும் என்றான். அன்று முதல் சாயங்காலமானால் அவனுடைய போன் வந்தது.

"பார்ட் இன்னும் வரலீங்க."

"சரிங்க."

இவ்வளவுதான் சேதி. ஆனாலும் இருவரும் வைக்கமாட்டார்கள். அங்கே மழையா என்பான். அவள் வைத்தியம் பார்க்கும் சாலம்மாள் வீட்டுக் கன்றுக்குட்டி எழுந்து நின்றுவிட்டதா என்பான். அவளைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை கேட்கமாட்டான்... அப்படிப்பட்ட போனுக்கே அவள் மதியத்திலிருந்து காத்திருந்தாள்.

ஒருநாள், பார்ட் வந்துவிட்டது என்றான். மாட்டியும் கொடுத்தான். புதுத் துப்பட்டா போட்டுக்கொண்டு போனாள், வெட்கங்கெட்டவள். சாவியை நீட்டியவன் தலை நிமிராமல் சொன்னான்.

"கம்பெனிலேருந்து போன் வரும் மேடம். சர்வீஸ் எப்டி இருந்துச்சுன்னு மார்க் கேப்பாங்க. பத்துக்குப் பத்துன்னு சொல்லிடுங்க."

ஓ...

இதற்குத்தானா? அத்தனை சாயங்காலமும், அந்தக் கன்றுக்குட்டியும்... எல்லாம் இந்த மார்க்குக்குத்தானா? சாவியை வாங்கி வண்டியை எடுத்தாள். கம்பெனி கேட்டபோது, "ரெண்டு" என்றாள்.

போன் நின்றுபோனது. ஸ்டியரிங் வெண்ணெயாகத் திரும்பியது. அதைப் போல் ஒரு துக்கம் வேறு உண்டா? ஒவ்வொரு வளைவிலும் வேண்டுமென்றே மெதுவாகத் திருப்பினாள். இறுகேன்... ஒரே ஒரு தடவை இறுகேன்... பாழாய்ப்போன கார் கேட்கவே இல்லை. வண்டி கெட்டிருந்தபோது அவளுக்கென்று ஒரு குரல் இருந்தது.

ஒரு வாரம் பொறுத்தாள். அப்புறம் வைப்பர் சத்தம் போடுகிறது என்று ஒரு சாக்கைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். கவுன்டரில் ராமசாமி என்ற பெரியவர் இருந்தார்.

"இளவரசனா? உளுந்தூர்பேட்ட பிராஞ்சுக்குத் தூக்கிட்டாங்கம்மா. யாரோ ரெண்டு மார்க்கு போட்டுட்டாங்க."

"பத்து குடுங்கன்னு கேட்டாருங்களே..."

"அது எல்லாருக்கும் சொல்ற வசனம்மா. மேனேஜர் பின்னாடியே நின்னுக்கினு இருப்பாரு, சொல்லித்தான் ஆவணும்."

"தினமும் போன் பண்றதும் அப்படித்தானா?"

"தினமுமா? யாரு பண்ணுவாங்க? பார்ட் வந்தா ஒரு வாட்டி கூப்புடுவோம், அவ்ளோதான்."

உளுந்தூர்பேட்டை வரை எப்படி ஓட்டினாள் என்று அவளுக்கே தெரியாது.

சென்னை ரோட்டை ஒட்டிய சின்ன ஷெட். லாரிச் சத்தத்துக்கு நடுவே இளவரசன் ஒரு காருக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் கையிலிருந்த துணியை என்ன செய்வதென்று தெரியாமல் கசக்கினான்.

"வண்டிக்கு இன்னாங்க?"

"வண்டிக்கு ஒண்ணுமில்ல. ரெண்டுன்னு சொன்னது நான்தான். மன்னிப்பு கேக்க வந்தேன்."

"எனக்கு அந்த ரெண்டே ஜாஸ்திங்க." அவன் கண்ணைத் தாழ்த்திக்கொண்டான். "உங்க பார்ட்டு... நான் சொன்ன அன்னிக்கு வரல. ஒரு வாரம் முன்னாடியே வந்துடுச்சு."

"என்னது?"

"மாட்டிட்டா, அப்புறம் எதைச் சொல்லிக்கினு உங்களக் கூப்புடறது? அலமாரில எடுத்து வெச்சிட்டேன். தப்புதாங்க."

அவளுக்குக் கோபம் பொங்கியது. அந்த வாரம் முழுக்க, மருந்துப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மழையில் ஜீப்புக்கு நின்றாளே! திட்ட வாயைத் திறந்தாள். ஆனால் நல்ல ஸ்டியரிங்கை இறுகச் சொல்லிக் கெஞ்சியவள், யாரைத் திட்டுவாள்?

"பைத்தியம்" என்றாள்.

"நானாங்க?"

"நானுந்தான். வண்டி திரும்பக் கெட்டுப் போவாதான்னு ஒவ்வொரு வளைவுலயும் வேண்டிக்கினு ஓட்டினேன்."

அவன் நம்பாமல் பார்த்தான். பிறகு அந்த முகம் மெல்ல மெல்ல மலர்ந்தது.

"அன்னிக்கு வளைவுல அழுதீங்களே... அன்னிலேருந்து உங்கள எனக்குப் புடிச்சிருக்குங்க. ஆனா நீங்க டாக்டரு... வண்டியத் தவிர வேற இன்னாத்தப் பேசறதுன்னு தெரியல."

"எனக்கும் புடிச்சிருக்கு. அது கூடவா தெரியல?" குரல் உடைந்தது அவளுக்கு. "சாப்ட்டியான்னு கேளுங்க. அங்க மேல என்னை யாரும் அப்படிக் கேக்கறதே இல்ல."

ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டே போயிற்று. அது போய் முடியும் வரை அவன் காத்திருந்தான்.

"சாப்ட்டியா எழில்?"

"இல்ல" என்றாள் எழில்மதி, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "உங்களோட சாப்பிடலாம்னுதான் எறங்கி வந்தேன்."