ஈயம் வைக்காத இணைப்பு

அன்று அஸர் தொழுகைக்குப் பிறகு வீட்டில் இருந்தவர்கள்:

ஹபீல், அறுபத்தொரு வயது, வத்தேகமவில் முப்பத்தைந்து வருடமாக வாகனங்களுக்கு வயரிங் பார்ப்பவர்.

றிப்தா, அவருடைய மகன் ரிஸ்மியின் மனைவி, கணவனை இழந்தவள் காக்கும் இத்தாவில் இருப்பவள்.

கறுப்பையா, மடுல்கலைப் பக்கத் தோட்டமொன்றில் காவல் பார்ப்பவர். ஒரு பிளேன்டீ குடிக்கும் நேரம் மட்டும்.

ரிஸ்மி இல்லை. அவனை அடக்கி எழுபத்தொரு நாள். அவன் விழுந்து இறந்த காருக்குள்ளும் எவரும் இல்லை. அதை ஹபீல் இரண்டு தடவை பார்த்திருந்தார்.

இரண்டாவது தடவை பார்க்க வேண்டி வந்தது இடப்பக்க ஹெட்லைட்டால். பொலிஸ் முற்றத்திலிருந்து காரை லொறியில் கொண்டுவந்து, வீட்டோடு ஒட்டிய கராஜில் தள்ளி விட்டபோது இரண்டு லைட்டும் மூடித்தான் இருந்தன. அது ரிஸ்மியை விட இரண்டு வயது மூத்த ஜப்பான் ஸ்போர்ட்ஸ் கார். இரண்டு கதவு, இரண்டு இருக்கை. ஹெட்லைட்டுகள் பொனட்டுக்குள் பதுங்கிக் கிடக்கும். சுவிட்சைத் திருப்பினால் சின்ன மோட்டர் ஒன்று முனகிக்கொண்டு இமையைத் திறப்பதுபோல அவற்றை மேலே தூக்கும். ஹபீல் உள்ளே போய்க் கறுப்பையாவுக்குத் தேநீர்க் கிளாஸோடு திரும்பியபோது இடப்பக்க இமை ஒரு விரற்கடை திறந்திருந்தது. காரில் பெட்டரி இல்லை.

பழைய மோட்டர், பல் தேய்ந்திருக்கும் என்று நினைத்தார். மோட்டரின் அடியிலிருந்த குமிழைக் கையால் திருகி மூடினார். குமிழ் சூடாக இருந்தது.

கறுப்பையா காருக்குக் கிட்ட வரவில்லை. கராஜ் வாசலில் நின்றபடியே தேநீரை ஊதிக் குடித்தார். ஹபீலை அவர் அண்ணன் முறையில் 'நானா' என்றுதான் கூப்பிடுவார்.

"எங்க லயத்துப் புள்ளைங்க இத தவளைக் காருன்னு சொல்லுங்க நானா. தம்பி வேலை முடிஞ்சு வர்ற சத்தம் கேட்டாலே தவளை வருது, தவளை வருதுன்னு ரோட்டுக்கு ஓடிருங்க. தம்பியும் நிப்பாட்டி, கண்ண மூடித் தொறந்து காட்டிட்டுத்தான் போகும்."

ஹபீல் சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை.

"பொலிஸ்ல சிங்களத்துல எழுதுனாங்க. ஒப்பம் வைன்னாங்க, வச்சேன். நான் சொன்னதத்தான் எழுதுனாங்களான்னு தெரியல. அதான் ஒங்ககிட்ட நேர்ல சொல்லிருவோம்னு வந்தேன்."

"சொல்லுங்க கறுப்பையா."

"மேல் வளைவு வரைக்கும் லைட்டு நல்லா எரிஞ்சிக்கிட்டு வந்திச்சு. அங்க டக்குன்னு ரெண்டும் அணஞ்சிருச்சு. கண்ணு தொறந்துதான் இருந்திச்சு, வெளிச்சம் இல்ல. பொறகு சத்தம் மட்டுந்தான்."

"ரெண்டும் ஒண்டாவா?"

"ஒண்ணாத்தான் நானா." அவர் கிளாஸை மதிலில் வைத்தார். "விழுந்த பொறகு ஒண்ணு எரிஞ்சிச்சு. தேயிலைக்குள்ள நான் எறங்கிப் போற வரைக்கும் எரிஞ்சிச்சு. கிட்டப் போனதும் மெதுவா மூடிக்கிச்சு. இத யார்கிட்டயும் சொல்லல. பைத்தியம்பாங்க."

நாலரை பஸ்ஸைப் பிடிக்க அவர் இறங்கிப் போனார். படிகளில் அவருடைய குடைக்கம்பு தட்டும் ஓசை கொஞ்ச நேரம் கேட்டது. பின்பு மழை வந்து அதை மூடியது.

இரண்டு பல்பு ஒரே நொடியில் எரிந்து போவதில்லை. இரண்டுக்கும் பொதுவாக ஏதோ ஒன்று விட்டிருக்க வேண்டும். ஹபீலுக்கு அது தெரியும். அது எது என்று தெரிந்துகொள்ளத்தான் காரை மீட்டு வந்தார். தெரிந்துவிடக் கூடாது என்றும் அவருக்குள் ஒன்று இருந்தது.

"மாமா."

சமையலறைக் கதவுக்குப் பின்னாலிருந்து றிப்தாவின் குரல். நான்கு மாதமும் பத்து நாளும் முடியும்வரை அந்நிய ஆண் கண்ணில் படக் கூடாது என்பதால், கறுப்பையா இருந்தவரை அவள் உள்ளேயே இருந்தாள்.

"அவர் போய்ட்டாரு மகள். வாங்க."

அவள் வரவில்லை. "எனக்குக் கேட்டிச்சு. லைட்லதான் பிழையெண்டா, அவர் ஓட்டிட்டு வரக்குள்ள நான் போன்ல கோல் எடுத்ததால இல்லத்தானே?"

ஹபீல் கரன்ட் பார்க்கும் டெஸ்ட் லாம்பை ஆணியிலிருந்து எடுத்தார்.

"'ராச் சாப்பாட்டுக்குப் பாண் ஒண்டு வாங்கிட்டு வாங்க'ண்டு சொன்னேன். 'ம்' எண்டாரு. அவ்வளவுதான் மாமா. பாண் இல்லாட்டி நாங்க செத்தா போயிருப்போம்?" அவள் மூக்கை உறிஞ்சினாள். "நல்லாப் பாருங்க. பாத்து எனக்கு உண்மையச் சொல்லுங்க. எதெண்டாலும் தாங்குவேன். தெரியாம இருக்கத்தான் ஏலாது."

"பாக்கிறேன் மகள்."

அவர் வேலையைத் தொடங்கினார். மேலே தகரத்தில் மழை சீரான இரைச்சலோடு இறங்கியது. காருக்குள்ளிருந்து பழைய ரெக்சினும், காய்ந்த தேயிலை இலையும், இன்னும் போகாத இரும்பு போன்ற ஒரு வாடையும் கலந்து வந்தன. வலப்பக்கக் கூரை சாரதி இருக்கைவரை அமுங்கிக் கிடந்தது. அங்கே ஒரு பூனைகூட உட்கார முடியாது. அந்தப் பக்கம் பார்க்காமலே நல்ல பெட்டரி ஒன்றை வைத்து வயரைப் பூட்டினார். சுவிட்சைத் திருப்பினார். இரண்டு இமையும் முனகிக்கொண்டு எழுந்தன. வெளிச்சம் வரவில்லை.

பியூஸ் சரி. பல்பைக் கழற்றி வாசல் வெளிச்சத்தில் பிடித்தார். உள்ளே இழை முழுதாக இருந்தது. டெஸ்ட் லாம்பின் முனையைப் பல்புக்கு வரும் வயரில் குத்தினார். எரிந்தது. அப்படியென்றால் கரன்ட் வருகிறது, திரும்பிப் போக வழியில்லை. எர்த்.

எர்த் வயரை விரலால் தடவிக்கொண்டு கீழே போனார். இரண்டு லைட்டின் வயரும் ஒன்று சேரும் இடத்தில் விரல் நின்றது. கறுப்பு டேப் சுற்று. கடைசி மடிப்பை உள்ளே சொருகியிருந்த விதம். கண்டியில் அவரைத் தவிர வேறு எவரும் அப்படிச் சொருகுவதில்லை.

விபத்துக்குப் பல மாதம் முந்திய ஒரு வெள்ளிக்கிழமை அது. பழைய எர்த் வயர் இற்றுப் போயிருந்தது. இரண்டு லைட்டுக்கும் புதிதாகப் போட்டு முறுக்கினார். ஈயம் வைத்துப் பற்றவைக்க இரும்பைச் சுடவைத்தபோது பள்ளியில் ஜும்ஆத் தொழுகைக்குப் பாங்கு சொன்னது. இப்போதைக்கு டேப்பைச் சுற்றி, தொழுதுவிட்டு வந்து பிரித்து ஈயம் வைக்கலாம் என்று போனார். வந்து சாப்பிட்டுப் படுத்தார். எழும்பியபோது ரிஸ்மி காரை எடுத்துப் போயிருந்தான். பிறகு ஞாபகம் வந்தது, ஒரு தடவை இல்லை, நாலைந்து தடவை. அடுத்தவன் கார் என்றால் அன்றைக்கே கூப்பிட்டிருப்பார். வீட்டுக் கார். எரியுதுதானே என்று விட்டார்.

டேப்பைப் பிரித்தார். உள்ளே செம்பு பச்சைப் பொடியாகியிருந்தது. ஒரேயொரு இழை பிடித்துக்கொண்டிருந்தது. தொட்டதும் அதுவும் விட்டது.

ஹபீல் பொனட்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"மாமா, ஏதும் தெரிஞ்சுதா?"

கதவு லேசாகத் திறந்து, அவள் விரல்கள் மட்டும் நிலையில் தெரிந்தன. மெலிந்த விரல்கள். எழுபத்தொரு நாளாக அவள் பாண் சாப்பிடவில்லை என்பது அவருக்குத் தெரியும்.

சொல்ல ஒரு சொல் போதும்.

"வயரிங் எல்லாம் சரி மகள்," என்றார்.

நிலையிலிருந்த விரல்கள் அசையவில்லை.

"அப்ப நான்தான்," என்றாள் றிப்தா. அழவில்லை. விலை கேட்டுத் தெரிந்துகொண்டவள்போலச் சொன்னாள். கதவு சாத்திக்கொண்டது.

கூப்பிட வாய் திறந்தார். குரல் வரவில்லை. வரவிடவில்லை என்பதுதான் சரி.

பிறகு அவர் செய்தது வெட்கங்கெட்ட வேலை. சுரண்டிச் சுத்தமாக்கி, புது வயர் வைத்து முறுக்கி, இரும்பைச் சுடவைத்து ஈயம் வைத்தார். எவராவது திறந்து பார்த்தால் நல்ல இணைப்பு இருக்கட்டும். ஈயப் புகை எழுந்தது. சாம்பிராணி வாடை, மையித்துக் கிடத்திய வீட்டு வாடை. கண் எரிந்தது. டேப்பைச் சுற்றினார். கடைசி மடிப்பை வேறு மாதிரிச் சொருகினார்.

லைட்டுகள் எரிந்தன.

இரண்டும் ஒன்றாக. எதிர்ச் சுவரும் சமையலறைக் கதவும் வெள்ளையாகின. நன்றாகத்தான் எரிகிறது என்று சொல்லிக்கொண்டு லைட்டுகளுக்கு முன்னால் வந்தார். சுவரைப் பார்த்தார்.

அவருடைய நிழல் இல்லை.

கையைத் தூக்கினார். சுவரில் ஒன்றும் அசையவில்லை. வெளிச்சம் அவருக்கு ஊடாகப் போய்க் கதவில் விழுந்தது. கதவில் மட்டும்.

சுவிட்சை அணைக்கப் போனார். சுவிட்ச் அணைத்துத்தான் இருந்தது.

பெட்டரி வயரைப் பிடுங்கினார். விரலில் வெட்டுப்பட்டது. வயர் கையோடு வந்தது. வெளிச்சம் குறையவில்லை.

மழை நின்றிருந்தது. எப்போது நின்றது என்று தெரியவில்லை. மாலை மஃரிபுக்கு இன்னும் பாங்கு சொல்லவில்லை. எஞ்சின் ஓடவில்லை. ஆனாலும் பொனட் இளஞ்சூடாக இருந்தது.

முனகல். இமைகள் இறங்கின. இருட்டு. முனகல். ஏறின.

வீட்டுக்குள் எங்கோ போன் அடித்தது.

ஒரு தடவை. எடுத்துவிட்டாள்.

"ம்," என்றாள் றிப்தா உள்ளே. "ம்."

சமையலறைக் கதவு திறந்தது. இத்தா தொடங்கிய நாளிலிருந்து அலுமாரியில் கிடந்த நீல அபாயாவை உடுத்தியிருந்தாள். தலையைச் சரியாகச் சுற்றிக் குத்தியிருந்தாள். காலில் வெளிச் செருப்பு. போன் காதில் இருந்தது.

"மகள், எங்க போறீங்க?"

"அவர் கோல் எடுத்தாரு மாமா." முகத்தில் வெளிச்சம் விழ, கண்ணைச் சிமிட்டாமல் நின்றாள். "நான் மன்னிப்புக் கேக்கணுமெண்டா வந்து கேக்கச் சொல்றாரு. வளைவுவரைக்கும் போய்ட்டு வருவோமாம்."

"போன வைங்க. உள்ள போங்க."

அவள் நடந்தாள். நசுங்காத இடப்பக்கக் கதவு அவளுக்கு முன்பே திறந்திருந்தது. அதை எவரும் திறக்கவில்லை.

ஹபீலின் வாயிலிருந்து இப்போது வந்தது. எல்லாம் ஒன்றாக.

"மகள், நீங்க இல்ல! நான்! நான்தான்! ஈயம் வைக்கல்ல! மறந்து இல்ல, தெரிஞ்சே விட்டேன்! ரிஸ்மி! வாப்பாடா! வாப்பா செஞ்ச பிழைடா! அவளை விடு!"

வெளிச்சம் ஒரு கணம் தாழ்ந்தது. யாரோ கேட்பதுபோல.

றிப்தாவுக்குக் கேட்கவில்லை. காதில் போனை அழுத்திக்கொண்டு, அபாயாவை ஒதுக்கி, குனிந்து, இருக்கையில் உட்கார்ந்தாள். வலப்பக்கம் திரும்பினாள். அமுங்கிய கூரைக்கும் இருக்கைக்கும் நடுவே, ஒரு சாண்கூட இல்லாத அந்த இருட்டைப் பார்த்து, "நான் சும்மாதான் எடுத்தேன்," என்று அழத் தொடங்கினாள்.

ஹபீல் ஓடினார். கதவின் கைபிடியைப் பிடித்தார்.

அந்த இருட்டுக்குள்ளிருந்து ஒரு கை வந்தது. அவளுடைய மடியைத் தாண்டி நீண்டது. மணிக்கட்டில் வெள்ளைத் துணியின் ஓரம் ஒட்டியிருந்தது. அந்தக் கையை ஹபீலுக்குத் தெரியும். அடக்குமுன் விரல் விரலாகக் கழுவி, நகக்கண்ணில் இருந்த மண்ணை எடுத்து, துணிக்குள் வைத்து மூடியவர் அவர்தான்.

கை அவரைப் பார்த்து நின்றது. கண்ணில்லாமல் பார்த்தது.

பிறகு கதவை இழுத்து மூடியது. கண்ணாடிக்கு உள்ளே, அவளுடைய தோளுக்குப் பக்கத்தில், பூட்டுக் குமிழ் கீழே இறங்கியது.