செம்பனூர்ப் படுகையில் புகையிலை

ஆவணி மாதத்து அந்திச் சூரியன் வெள்ளாற்றின் பெருக்கில் செங்குழம்பைக் கரைத்துவிட்டு மறைய, கீழ்வானில் எழுந்த முழுமதி அதன்மீது வெள்ளி ஒளியைப் பரப்பத் தொடங்கியிருந்தது. அவ்வேளையில் கரையோரத்துப் புகையிலை வணிகன் உத்தண்டனின் கூடாரத்துக்குள் தலைப்பாகை தரித்த குதிரைவீரன் ஒருவன் நுழைந்தான். அவ்வுடைக்குள் இருந்தது செம்பனூர்ப் பாளையத்து இளவரசி அங்கமுத்து நாச்சியார் என்பதை, வாசகர்களே, நமக்குள் வைத்துக்கொள்வோம். எல்லையில் அன்று பிடிபட்ட பகையரசின் தூதனுடைய முத்திரை மோதிரம் அவள் விரலில் மின்னியது.

மோதிரத்தைக் கண்ட உத்தண்டன் வணங்கிச் சுருட்டொன்றை நீட்டினான்.

"வேண்டாம். வந்த காரியம் எந்த மட்டில் இருக்கிறது? அரசர் அறிந்துவரச் சொன்னார்" என்றாள் நாச்சியார், குரலைக் கனமாக்கி.

"பழுத்துவிட்டது, ஐயா. காவலர்களுக்கு முதலில் இலவசமாகக் கொடுத்தேன். இப்போது சம்பள நெல்லை அளந்துகொடுத்து வாங்குகிறார்கள். வீட்டில் உலை ஏறுவதில்லை. தாம்பூலத் தட்டில் புகையிலை இல்லாவிட்டால் சம்பந்தமே பேசமாட்டார்களாம்! உழவர்களுக்கு நெல்லைவிட நல்ல விலை சொல்லி முன்பணம் கொடுத்தேன். படுகையெங்கும் புகையிலை நாற்றுத்தான். தை மாதம் கோட்டைக் களஞ்சியம் வெறுமையாக இருக்கும். நம் சேனை வந்து நின்றாலே போதும்."

சுங்கம் பெருகுகிறதென்று தந்தையார் மகிழ்ந்ததை நினைத்தபோது நாச்சியாரின் நெஞ்சு எரிந்தது. ஆயினும் நிதானமாகத் தலைப்பாகையைக் கழற்றினாள். அவிழ்ந்து விழுந்த கருங்கூந்தலைக் கண்டதும் உத்தண்டன் குறுவாளை உருவினான். வெளியே ஒட்டுக்கேட்டு நின்ற தளபதி கண்ணுடையான் பாய்ந்து வந்து அவன் மணிக்கட்டை முறுக்கினான்; வீரர்கள் அவனைக் கட்டி இழுத்துச் சென்றனர்.

"பகையரசருக்கு என்ன சொல்வது, நாச்சியார்?"

"எல்லாம் நலமென்று இந்த மோதிரத்தோடு நம் ஆள் போகட்டும், தளபதியாரே. பட்டினிக் கோட்டையைத் தேடி அவர் வரட்டும். நாம் புகையிலை நாற்றை உழுதுவிட்டுச் சம்பா நடுவோம். உழவர்களின் நஷ்டத்துக்கு என் நகைகள் ஈடு. இந்த விளைச்சலுக்கு வரி கிடையாது."

அவள் பார்வை தளபதியின் இடுப்பிலிருந்த புகையிலைச் சுருக்குப்பையில் பதிந்தது. கண்ணுடையான் முகம் சிவந்தான். பையை அவிழ்த்து, வெளியே வந்து, ஆற்றில் எறிந்தான்.

பின்னே வந்த நாச்சியார் குனிந்து கரை மண்ணைக் கையில் அள்ளினாள். "இந்த மண் மேல் ஆணை. களஞ்சியம் நிறையும்வரை நான் பூச்சூடேன். உங்களுக்கு மாலையிடவும் மாட்டேன்."

"தை வெகு தூரத்தில் இருக்கிறதே" என்று பெருமூச்செறிந்த தளபதி, வாளைக் கழற்றி அவளிடம் நீட்டினான். "முதல் ஏரை எந்த வயலில் பூட்டட்டும், சொல்லுங்கள்."