செங்கல் வைக்காத நிலையம்

ஒயரே இல்லாத விளக்கு ஒன்று எரிந்துகொண்டிருந்தது.

ஹவுராவில் இருந்த அந்தக் கட்டுப்பாட்டு அறையின் சுவர் முழுக்க மாநிலத்தின் மின்பாதைப் படம். ஒவ்வொரு மின் நிலையத்துக்கும் ஒரு சின்ன விளக்கு. மந்திரி வருகிறார் என்று போன வாரம் கடலோர மூலையில் புதிதாக ஒன்றை, ஒயர் இழுக்காமலே, பொருத்தி, கீழே 'அணுமின் நிலையம்' என்று பெயிண்ட் அடித்திருந்தார்கள். அந்த இடத்தில் ஒரு செங்கல்கூட வைக்கவில்லை. நிலம் தரமாட்டோம் என்று ஊர்க்காரர்கள் ரோட்டை வெட்டிப் போட்டிருந்தார்கள். மந்திரி படத்தைப் பார்த்து, இனி மாநிலத்துக்கு இருட்டே கிடையாது என்று கைதட்டல் வாங்கி, சந்தேஷ் இனிப்பைத் தின்றுவிட்டுப் போனார். அறையின் ஷிப்ட் பொறுப்பாளன் சௌந்தரராஜனுக்கு அந்த ஆளைக் கண்டாலே இளக்காரம். எதிர்த்துக் கோஷம் போட்டவர்களையும் அவன் மதிக்கவில்லை. கம்பியில் கொக்கி மாட்டித் திருடிய கரண்டில்தான் அவர்களுடைய மைக் அலறியது.

"பிமல், அதுக்கு யாருப்பா கனெக்‌ஷன் குடுத்தது?"

உதவியாளன் பிமல் பொரியை மென்றுகொண்டே நிமிர்ந்தான். "மந்திரி பேச்சுலயே எரியுது போல, சௌந்தர்தா. கரி வேணாம், புகை வேணாம், வாய் போதும்." டீ வாங்கி வருகிறேன் என்று இறங்கிப் போனான்.

2006, துர்கா பூஜையின் அஷ்டமி மாலை. ஜன்னல் வழியாக டாக் மேளத்தின் அதிர்வும் சாம்பிராணிப் புகையும் வறுத்த எண்ணெய் நாற்றமும் கலந்து வந்து, சூடேறிய பேனல்களின் கருகல் வாசனையோடு தொண்டையில் படிந்தன. பூஜை நாளில் கொல்கத்தா இருளக்கூடாது என்பது மேலிடத்து உத்தரவு. பந்தலில் சீரியல் பல்பு மயில் தோகை விரிக்க வேண்டுமென்றால் எங்கோ ஒரு ஜில்லாவே விளக்கில்லாமல் சோறு தின்ன வேண்டும். ஜில்லா ஜில்லாவாக அவன் அணைத்துக்கொண்டே வந்தான். அதற்குள் அனல் மின் நிலையம் ஒன்று படுத்துக்கொண்டது. ஐம்பதில் நிற்க வேண்டிய ஃப்ரீக்வென்சி முள் சரிந்தது. இனி அணைக்க மிச்சம் தென்கொல்கத்தாதான்.

அங்கே, ஆற்றுக்கு அக்கரையில், காளிகாட்டில், அவன் மகள் மஹிமா ஆக்சிஜன் மெஷினின் குழாயை மூக்கில் மாட்டிக்கொண்டு படுத்திருந்தாள். மழைத் தண்ணீர் புகுந்து வீட்டு இன்வெர்ட்டர் செத்துப் போயிருந்தது.

போன் அடித்தது.

நிலையங்கள் போனில் பெயரையும் மெகாவாட்டையும் சொல்லும். இவன் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் அந்த மின்சாரத்தை ஏற்றுக்கொண்டதாகக் கணக்கு. பல வருஷப் பழக்கம். புத்திக்கு முன்னால் வாய் ஓடும்.

"அணுமின் நிலையம். ஆயிரம்," என்றது குரல். வாயில் ஈர மணலை வைத்துக்கொண்டு பேசுவதுபோல் இருந்தது.

"அணுமின் நிலையம்..."

பாதியில் அவனுக்கு உறைத்தது. நிறுத்தியிருக்கலாம். காளிகாட்டை நினைத்தான்.

"...ஆயிரம்."

முள் ஐம்பதுக்கு ஏறி நின்றது. துளி நடுக்கம் இல்லை. அவன் சர்வீஸில் அந்த முள் நடுங்காமல் இருந்ததே கிடையாது. அறையின் ரீங்காரம் நின்றது. வெளியே மேளமும் நின்றது.

மறுபடி போன். மனைவி பிரியம்வதா.

"என்னங்க, ஸ்விட்ச ஆஃப் பண்ணினாலும் லைட் அணைய மாட்டேங்குது. பல்பையே கழட்டிட்டேன். அப்பவும் வெளிச்சம் இருக்கு."

"மெஷின்?"

"ஓடுது." அவள் குரல் உடைந்தது. "பிளக்கப் பிடுங்கிட்டேங்க. ஓடுது."

கடலோர மின்பாதையின் ஸ்விட்சைத் திருகினான். விளக்கு அணையவில்லை. மறுபடி திருகினான். கைப்பிடி கையோடு வந்தது.

ஜன்னலுக்கு ஓடினான். புதுச் சேலையும் புதுச் சட்டையுமாகத் தெரு நிறைய ஜனம். அசையவில்லை. எல்லோரும் கண்களைக் கைகளால் பொத்திக்கொண்டிருந்தார்கள். டீ கெட்டில் காலடியில் உருண்டு கிடக்க, பிமலும். யார் காலடியிலும் நிழல் இல்லை.

திரும்பி வந்து போனை எடுத்தான். இப்போது மஹிமா.

"பாபா, கண்ண மூடினாலும் தெரியுது. அம்மா வெறும் எலும்பா நிக்கிறா."

"பாக்காதம்மா. திரும்பிக்கோ."

"திரும்பிட்டேன். சுவரெல்லாம் இல்ல. ஆறு தெரியுது. ஆத்துக்கு அந்தப் பக்கம் நீ தெரியற."

மூச்சு வாங்கினாள்.

"உன் பல்லு எல்லாம் தெரியுது பாபா. ஏன் சிரிக்கற?"

சௌந்தரராஜன் உதட்டைத் தொட்டுப் பார்த்தான். மூடித்தான் இருந்தது.