அங்கியில் பிடித்த தீ

முதலில் கைதட்டல்தான் வந்தது.

சேலையூர் கேம்ப் ரோட்டை ஒட்டிய ஒரு பள்ளி மைதானத்தில் விழா நிகழ்ச்சி பார்க்க இரண்டாயிரம் பேர் உட்கார்ந்திருந்தார்கள். மேடையில் மேஜிக் ஆபேல் எரியும் வளையத்துக்குள் பாய்ந்து மறுபக்கம் வந்து நின்றார். அவருடைய கறுப்பு அங்கியின் விளிம்பில் தீ பற்றியிருந்தது. ஒரே மூச்சில் அது தோள்வரை ஏறியது. கூட்டம் விசிலடித்தது. செல்போன்கள் உயர்ந்தன. அவர் விழுந்து புரண்டபோதும் விசில் நிற்கவில்லை.

அவர் மனைவி ஜெரூஷா ஈரச் சாக்கோடு ஓடிவந்து அவர்மேல் விழுந்து அலறியபோதுதான் முன்வரிசைக்கு விஷயம் புரிந்தது.

பந்தோபஸ்துக்கு வந்திருந்த சப்-இன்ஸ்பெக்டர் சாமுண்டீஸ்வரி ஆம்புலன்ஸ் கதவுவரை கூடவே ஓடினாள். ஜெரூஷாவின் உள்ளங்கைகள் வெந்து போயிருந்தன. அவள் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை.

"தின்னர் வாடை மேடம். அங்கி முழுக்க தின்னர்," என்றாள்.

கதவு மூடிக்கொண்டது.

கூட்டம் கலையவில்லை. என்ன ஆச்சு, உயிர் இருக்கா என்று மேடையைச் சுற்றி நெருக்கியடித்தது. யாரோ அதற்குள் வீடியோவை ஏற்றிவிட்டிருந்தார்கள். சாமுண்டீஸ்வரி வாசலில் இரண்டு கான்ஸ்டபிள்களை நிறுத்திவிட்டு, கலைஞர்கள் உடை மாற்றிக்கொண்ட வகுப்பறைக்குப் போனாள்.

மேசையில் ஒரு முகக் கண்ணாடி. பவுடர் டப்பா. பாதி தின்ற பிரியாணிப் பொட்டலம். செடிக்குத் தண்ணீர் தெளிக்கிற மாதிரி ஒரு ஸ்ப்ரே பாட்டில். விரல் நீளத்தில் ஒரு சென்ட் பாட்டில்.

ஸ்ப்ரே பாட்டிலைத் திறந்தாள். பெயின்ட் கரைக்கிற தின்னரின் நெடி முகத்தில் அறைந்தது. கண்ணில் நீர் வந்தது. ஜன்னல் பக்கம் போய் மூச்சு வாங்கிவிட்டுத் திரும்பி வந்தாள். சென்ட் பாட்டிலையும் திறந்து மூக்கருகே கொண்டு போனாள். விரலில் கொஞ்சம் எண்ணெய் ஒட்டியது, அவ்வளவுதான். மூடி வைத்தாள்.

சவுண்டு, லைட் பார்க்கிற அசார் கதவருகே வியர்த்து நின்றான்.

"இந்த ஸ்ப்ரேயில வழக்கமா என்ன இருக்கும்?"

"தீ புடிக்காம இருக்க ஒரு தண்ணி மேடம். அண்ணனே கலக்கி வெச்சிக்குவாரு. ஸ்டேஜுக்குப் போறதுக்கு முன்னாடி கதவ சாத்திக்கினு அவரே அடிச்சிக்குவாரு. யாரையும் உள்ள வுட மாட்டாரு. தொழில் ரகசியம்."

"கதவைச் சாத்தறதுக்கு முன்னாடி?"

"எல்லாருந்தான் வந்து போனோம். நானு, ஸ்டெபின், மொத மேஜிக் ஷோ பண்ண வேதா அக்கா."

"இந்த சென்ட்டு?"

"வேதா அக்கா போன வாரம் குடுத்தது. அண்ணன் மோந்து பாத்துட்டு, செமயா கீதுன்னாரு."

மேலே கேட்பதற்குள் வெளியே கூச்சல் கிளம்பியது. விழாக்குழு ஆட்கள் நாலைந்து பேர் ஒரு இளைஞனைச் சட்டையைப் பிடித்து இழுத்து வந்தார்கள். ஆபேலின் உதவியாளன் ஸ்டெபின். உதடு கிழிந்திருந்தது.

"இவன்தான் மேடம்! போன வாரம் ஆபேலோட நடுரோட்டுல சண்டை போட்டவன்! கையை மோந்து பாருங்க!"

சாமுண்டீஸ்வரி அவர்களை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினாள். அவன் விரல்களில் தின்னர் நெடி இருந்தது.

"மத்தியானம் வளையத்தோட ஸ்டாண்டுக்கு பெயின்ட் அடிச்சேன் மேடம். எல்லாரும் பார்த்தாங்க."

"தின்னர் டின் எங்கே?"

"ஸ்டேஜுக்குப் பின்னாடிதான் வெச்சேன். இப்ப காணோம்."

"போன வாரம் நடுரோட்டுல ஆபேலோட சண்டை போட்டியாமே?"

"தனியா ஷோ பண்ணப் போறேன்னு சொன்னேன். திட்டினார். நானும் திட்டினேன். அதுக்காக... எட்டு வருஷம் மேடம். எனக்கு சீட்டுக்கட்டு பிடிக்கக் கத்துக் கொடுத்தவர்." அவன் கிழிந்த உதட்டைத் துடைத்துக்கொண்டு அழுதான்.

சண்டை இருக்கிறது. டின் அவனுடையது. கையில் நெடி இருக்கிறது. இன்ஸ்பெக்டர் போனில், அந்தப் பையனைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுங்கள் என்றார். சாமுண்டீஸ்வரி கரும்பலகைக்கும் கதவுக்கும் நடுவே நடந்துகொண்டிருந்தாள். ஏதோ ஒன்று இடறியது. கதவைச் சாத்திக்கொண்டு கழுத்திலிருந்து கால்வரை தின்னரைத் தெளித்துக்கொண்ட மனிதன், அது தின்னர் என்று எப்படித் தெரியாமல் இருந்தான்? அவளுக்கு ஒருதரம் முகர்ந்ததற்கே இன்னும் தொண்டை எரிந்தது.

"இந்தப் பிரியாணி யாருது?" என்று ஸ்டெபினைக் கேட்டாள்.

"அண்ணனோடது மேடம். எல்லாருக்கும் வாங்கினது ஊசிப் போயிருந்தது. மோந்து பாருங்கண்ணான்னு நீட்டினேன். நல்லாத்தானே இருக்குன்னு சாப்பிட ஆரம்பிச்சுட்டார். நான்தான் பாதியில பிடுங்கி வெச்சேன்."

அவள் பொட்டலத்தைத் தூக்கிப் பார்த்தாள். ஊசின வாடை வீசியது.

உடனே ஜெரூஷாவுக்குப் போன் போட்டாள். யாரோ நர்ஸ் போனை அவள் காதில் பிடித்துக்கொண்டிருந்தார். ஆபேலுக்கு உயிர் இருந்தது.

"ஜெரூஷா, ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. அவருக்கு வாசனை தெரியுமா?"

ஜெரூஷா குரலைத் தாழ்த்தினாள்.

"கொரோனா வந்தப்ப போனது மேடம். திரும்பவே இல்ல. வெளியே தெரிஞ்சா தீ வித்தைக்கு யாரும் கூப்பிட மாட்டாங்கன்னு யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னார். எனக்கு மட்டும்தான் தெரியும்."

போனை வைத்துவிட்டு சாமுண்டீஸ்வரி மேசைக்குத் திரும்பினாள். சென்ட் பாட்டிலை மறுபடி எடுத்தாள். இந்தத் தடவை ஒரு சொட்டைப் புறங்கையில் தேய்த்து, நிதானமாக முகர்ந்தாள். அப்புறம் அதைக் கையில் எடுத்துக்கொண்டு, அசாரையும் ஸ்டெபினையும் வரச் சொல்லிவிட்டு, அடுத்த வகுப்பறைக்குப் போனாள்.

வேதா ஆள் மறையும் வித்தைக்கான தன் கண்ணாடிப் பெட்டிக்குப் போர்வை சுற்றிக்கொண்டிருந்தாள். நாற்பது வயதிருக்கும். மேடைப் பூச்சு இன்னும் கலைக்கவில்லை.

"கிளம்பலாமா மேடம்? ரொம்ப நேரமாச்சு."

"ரெண்டே கேள்வி. இந்த சென்ட்டு நீங்க ஆபேலுக்குக் கொடுத்ததா?"

"ஆமா. பல்லாவரம் சந்தையில வாங்கினது."

"என்ன வாசனை?"

"மல்லி."

"மோந்து பார்த்துச் சொல்லுங்க."

வேதா பாட்டிலை வாங்கினாள். மூடியைத் திருகவில்லை.

"சும்மா எண்ணெய் அது," என்றாள் சாமுண்டீஸ்வரி. "எந்த வாசனையும் கிடையாது. அதை மோந்து பார்த்து ஆபேல், செமயா இருக்குன்னார். அவருக்கு மூக்கு வேலை செய்யலைன்னு அந்த நிமிஷமே உங்களுக்கு உறுதியாயிடுச்சு."

அசார் வாயைப் பிளந்தான்.

"ஸ்ப்ரேயில தின்னர் இருந்தா, மூக்கு உள்ள எந்த மனுஷனும் முதல் தெளிப்புலயே தூக்கி எறிஞ்சிருப்பான். அப்படின்னா அதை மாத்தின ஆளுக்கு ஆபேல் கண்டுபிடிக்க மாட்டார்னு நிச்சயமா தெரிஞ்சிருக்கணும். ஸ்டெபினுக்குத் தெரியாது. தெரிஞ்சவன், மோந்து பாருங்கன்னு பிரியாணியை நீட்ட மாட்டான். பிடுங்கவும் மாட்டான். மனைவிக்குத் தெரியும். ஆனா ஏற்கெனவே தெரிஞ்சவங்க சோதிச்சுப் பார்க்க வேண்டியதில்லை. சந்தேகம் மட்டும் இருந்த ஒருத்தர்தான் வாசனையே இல்லாத சென்ட்டை வாசனைன்னு சொல்லிக் கொடுத்துப் பார்க்கணும்."

வேதா பெட்டியின் மேலேயே உட்கார்ந்தாள்.

"போன மாசம் சிங்கப்பெருமாள் கோவில் கம்பெனி விழா," என்றாள். "மேடைக்குப் பின்னாடி ஒயர் கருகிச்சு. நாங்கல்லாம் இருமிட்டே ஓடினோம். அவர் உட்கார்ந்து தலை வாரிட்டிருந்தார். அப்பவே தோணுச்சு."

"ஏன்?"

"அவரோட சேனல் பார்த்திருக்கீங்களா? மேஜிக் ரகசியம்னு போடுவார். இந்தப் பெட்டிக்குள்ள கண்ணாடிக்குப் பின்னாடி ஒளிஞ்சுதான் ஆள் மறையுதுன்னு போட்டார். நானே யோசிச்சு, நானே கண்ணாடி வெட்டிச் செஞ்சது மேடம், இது ஒண்ணுதான் என்கிட்ட இருந்தது. அடுத்த வாரம் குன்றத்தூர்ல ஒரு கல்யாண மண்டபம். உள்ளே போய் மறைஞ்சேன். மண்டபமே கத்துது, கண்ணாடி, கண்ணாடின்னு. என்னால பெட்டியை விட்டு வெளியே வர முடியல. விளக்கை அணைச்ச பிறகுதான் வந்தேன். வீடியோவை எடுத்துடுங்கன்னு அவர்கிட்ட கேட்டேன். ரெண்டு நிமிஷ வீடியோவுக்கா இந்தப் பாடுன்னு சிரிச்சார்."

"அதுக்கு ஆளையே கொளுத்தறதா?"

"சாகணும்னு நினைக்கல. கொஞ்சம் சுடும், மேடையில அலறுவார், ஜனம் சிரிக்கும்னு..."

"ஜனம் கை தட்டிச்சு," என்றாள் சாமுண்டீஸ்வரி.

தின்னர் டின் கண்ணாடிப் பெட்டியின் இரட்டைத் தளத்துக்குள் இருந்தது. வேதாவை அழைத்துக்கொண்டு வெளியே வந்தபோது, கூட்டத்தில் ஒருவன் கூட அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. எல்லாரும் இன்னும் ஸ்டெபினைத்தான் காட்டிப் பேசிக்கொண்டிருந்தார்கள். சாமுண்டீஸ்வரி மேடையேறி மைக்கை வாங்கி, அந்தப் பையன்மேல் எந்தக் குற்றமும் இல்லை என்று இரண்டு தரம் சொன்னாள்.

மறுநாள் காலையில் ஆஸ்பத்திரிக்குப் போனாள். ஆபேலின் கழுத்தும் கைகளும் கட்டுக்குள் இருந்தன. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் மின்விசிறியைப் பார்த்தபடி சொன்னார்.

"மண்டபத்துல அப்படி நடந்ததுன்னு அவ என்கிட்ட சொல்லவே இல்லையே."

"நீங்க கேட்டீங்களா?" என்றாள் ஜெரூஷா.

ஆபேல் மேசைமேலிருந்த போனைக் கண்ணால் காட்டினார். பிறகு மெல்லக் கேட்டார். "மேடம், என் போனை எடுங்க. அந்தப் பெட்டி வீடியோவை அழிச்சுடுங்க. எனக்கும் ஜெரூஷாவுக்கும் கையில கட்டு."

சாமுண்டீஸ்வரி போனைப் பார்த்தாள். ராத்திரி செய்தி பரவியதிலிருந்து அந்த வீடியோவை இன்னும் மூன்று லட்சம் பேர் பார்த்திருந்தார்கள்.

"முடியாது சார். வேதாவோட கோபத்துக்கு இப்ப அது சாட்சி. கேஸ் முடியறவரைக்கும் அது அங்கேயே இருக்கட்டும்."

போனைத் தலையணைப் பக்கம் வைத்துவிட்டு அவள் எழுந்தாள். ஆபேல் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.